அனுசியாவின் கூடைக்காரன்

அனுசியாவிடம் ரிப்பேருக்குக் கொடுத்த சாமானைத் திரும்ப வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் வசவும் சேர்த்து வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும். பிரிண்டருக்குள் பல்லி செத்துக் கிடந்தால், அதற்கு நீங்கள்தான் பொறுப்பு என்பதுபோலப் பேசுவாள். "மிஷின ஒரு துணி போட்டு மூடத் தெரியாதா? வீட்டுல கொழம்புச் சட்டிய இப்பிடித்தான் தெறந்து போட்டு வைப்பீங்களா?" போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு பழக்கடையை ஒட்டி அவள் கடை இருக்கிறது. இருபத்திரண்டு வருஷமாகப் பெயர்ப் பலகை கிடையாது. பலகை வைத்தால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் சோலி கெடும் என்பாள்.

என் பெயர் கலீபுல்லா. ஏலக்காய் வியாபாரம் செய்கிற ஒரு கடைக்காக ஏலத்தில் உட்கார்ந்து விலை கேட்பது என் வேலை. முன்பெல்லாம் வாயால் கேட்டோம். இப்போது ஆளுக்கொரு கம்ப்யூட்டர். சாம்பிள் காயைத் தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். முகர்ந்து, உருட்டி, நிறம் பார்த்து முடிப்பதற்குள் திரையில் விலை ஏறத் தொடங்கிவிடும். நமக்குத் தோதான இடத்தில் பட்டனை அமுக்க வேண்டும். ஒரு நொடி பிந்தினால் அந்தச் சரக்கு, லாட் என்போம், அடுத்தவருக்குப் போய்விடும். மூக்கும் கண்ணும் எவ்வளவு தேர்ந்திருந்தாலும் கடைசியில் எல்லாம் வலது கை ஆள்காட்டி விரலில் வந்து நிற்கிறது. போன ஜூன் மாதம் எனக்குப் பக்கவாதம் வந்தது. லேசானதுதான் என்றார் டாக்டர். வாய் தப்பித்தது, கால் தப்பித்தது, அந்த விரல் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போய்விட்டது.

அனுசியாவை எனக்குத் தொண்ணூற்று நாலிலிருந்து தெரியும். பக்கத்தில் தேவாரம் என்கிற ஊர்ப் பெண். அப்பா டீச்சர் டிரெயினிங் படி என்றார். இவள் டாஸ் கோர்ஸ் படித்துவிட்டு, பத்தொன்பது வயதில் எங்கள் கடைக்குக் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக வந்தாள். நான் அப்போது சாம்பிள் பார்க்கிற குமாஸ்தா. கடையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதற்குப் பூப்போட்ட துணியில் உறை, தினமும் ஊதுபத்தி. முதலாளி ஜக்கையன் அந்த அறைக்குள் செருப்போடு யாரையும் விட மாட்டார்.

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரின் முகப்பில் டர்போ என்று ஒரு பட்டன் இருக்கும். அமுக்கினால் மிஷின் முழு வேகத்தில் ஓடும், விட்டால் மெதுவாக ஓடும். மிஷினைக் கொண்டுவந்து மாட்டியவர் இதை விளக்கியதும் ஜக்கையன் முதலாளி முகம் மாறிவிட்டது. அவர் மலையில் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரிலேயே பிறந்து வளர்ந்தவர். அடுப்பில் சூடு கூடினால் காய் வெடித்துப் பச்சை நிறம் போய்விடும் என்பது அவருக்குக் கலிமா மாதிரி.

"சூட்டக் கூட்டுனா எந்தச் சரக்கும் தாங்காதுப்பா. பதமா ஓடட்டும்" என்று சொல்லி, மூட்டையில் ஒட்டுகிற லாட் லேபிள் ஒன்றை எடுத்து அந்தப் பட்டன் மேல் ஒட்டிவிட்டார். அந்த லேபிளை மிஷின் இருந்த ஆறு வருஷமும் யாரும் பிரிக்கவில்லை. போடியிலேயே பதமாக உலர்ந்த கம்ப்யூட்டர் எங்களுடையதுதான்.

மதியச் சாப்பாட்டுக்கு முதலாளி வீட்டுக்குப் போனதும் நானும் அனுசியாவும் அதில் விளையாடுவோம். முப்பது நாற்பது ஆட்டங்கள் பிளாப்பியில் இருந்தன. எங்களுக்குப் பிடித்தது ஒன்றுதான். அதன் ஆங்கிலப் பெயரை நாங்கள் சொன்னதே இல்லை, கூடைக்காரன் என்போம். சறுக்குப் பலகையில் ஆப்பிள் உருண்டு வரும். கீழே ஒருவன் மூடி போட்ட கூடையோடு நிற்பான். ஆப்பிள் கூடைக்கு நேராக வரும்போது ஸ்பேஸ் பட்டனைத் தட்டினால் மூடி திறக்கும். முந்தினாலும் பிந்தினாலும் ஆப்பிள் தரையில். ஒரு ஆட்டத்துக்கு இருநூறு ஆப்பிள். நான் நூற்றுத் தொண்ணூறு பிடிப்பேன். அனுசியா நூற்று எழுபதைத் தாண்டியதில்லை, அதை இன்றைக்கு வரைக்கும் ஒத்துக்கொண்டதும் இல்லை.

பிறகு அவள் முத்துப்பாண்டியைக் கட்டிக்கொண்டாள். முத்துப்பாண்டி போடிமெட்டுக்கு எஸ்டேட் ஆட்களை ஏற்றிப்போகிற ஜீப்புக்காரர், தங்கமான மனிதர், பேசவே மாட்டார். அவருக்கும் சேர்த்து இவள் பேசுவாள். எஸ்டேட் ஆபீசுகளில் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் காலை ஜீப்பிலேயே ஏறிப் போவாள். மலையாளத்து மேனேஜர்கள் "சேச்சி, ஒந்நு நோக்கு" என்று கெஞ்சிக்கொண்டு நிற்பார்கள். அங்கேயே சரியாகவில்லை என்றால் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அத்தனை கொண்டை ஊசி வளைவும் இறங்கி வருவாள். ஒவ்வொரு குழிக்கும் புருஷனுக்கு ஒரு வசவு விழும். ஜீப்பில் இருக்கிற பொம்பளைகளுக்கு அது நல்ல பொழுதுபோக்கு.

எனக்கு முடியாமல் போனதும் கடையின் இன்றைய முதலாளி பிரதீப் பார்க்க வந்தான். ஜக்கையனின் பேரன். நல்ல பையன், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "பாய், இப்ப நான் ஒப்பேத்திக்கிறேன். ஆயுத பூஜை கழிச்சுப் பெரிய வரத்து வரும். அதுக்குள்ள உக்கார முடியுமா முடியாதான்னு நீங்களே சொல்லிருங்க. முடியாட்டி வேற ஆளப் பாக்கணும்." சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்கு ஆத்திரம் வந்தது.

ரப்பர் பந்தை அமுக்கச் சொல்லியிருந்தார்கள். நான் அதை அலமாரிக்கு அடியில் உருட்டிவிட்டேன். மனைவி மெஹ்ராஜ் எடுத்துக் கொடுப்பாள், மறுபடி உருட்டுவேன். சோற்றைப் பிசைய வரவில்லை. ஐம்பத்தைந்து வயதில் ஸ்பூனில் சாப்பிடுகிறோமே என்று அழுகை வந்தது. அந்த நேரத்தில்தான் அனுசியா ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தோடு வீட்டுக்குள் நுழைந்தாள்.

"என்னண்ணே, மாப்ள மாதிரி உக்காந்துருக்கீங்க?"

மெஹ்ராஜ் அன்றைக்கு வீடு ஒதுக்கிக்கொண்டிருந்தாள். பழைய பிஸ்கட் டின் ஒன்றைத் தூக்கிப் போடுவதற்காக வாசலில் வைத்திருந்தாள். அனுசியா அதைத் திறந்து பார்த்தாள். உள்ளே நாற்பத்திரண்டு பிளாப்பி. கடை கம்ப்யூட்டரைக் கழித்துப் போட்ட வருஷம் நான் எடுத்துவந்து மறந்துபோனவை.

"மைனி, இதப் போயா குப்பைல போடுறீங்க?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இதுல கூடைக்காரன் இருக்கும்ல?"

மறுநாளிலிருந்து எனக்கு மதியத்தில் ஒரு வேலை கிடைத்தது. லுஹர் தொழுதுவிட்டு, இரண்டு மணிக்கு அவள் கடைக்குப் போவேன். சாப்பாட்டு நேரம் என்று கதவை ஒருக்களித்து வைத்திருப்பாள். பிளாப்பிகளில் பூஞ்சை படிந்திருந்தது. பஞ்சும் ஸ்பிரிட்டும் வைத்து ஒவ்வொன்றாகத் துடைத்தாள். பிளாப்பி படிக்கிற பெட்டி ஒன்றை எங்கிருந்தோ பிடித்திருந்தாள். அது கறகறவென்று அரைக்கும்போது இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்ப்போம். நாற்பத்திரண்டில் இருபத்தாறு பிழைத்தது.

இன்றைய கம்ப்யூட்டரில் அந்த ஆட்டங்கள் நேராக ஓடாது. பழைய மிஷினைப் போல நடிக்கிற எமுலேட்டர் என்ற புரோகிராமுக்குள் வைத்துத்தான் ஓட்ட வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனியாக ஒரு சின்ன ஃபைல். எந்த மாதிரி மிஷின், எவ்வளவு வேகம், சத்தம் வேண்டுமா வேண்டாமா என்று அதில் எழுத வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து, படம் போட்டு வரிசையாக ஒரு நூலகம் மாதிரி அடுக்கினாள். நூலகம் என்று நான்தான் சொல்கிறேன். அவள் அடுக்கியது ஏலத்துக்கு வந்த சரக்கு மாதிரி இருந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் லாட் நம்பர், தரம். ஏலக்காயை அதன் பருமனை வைத்துத்தான் தரம் பிரிப்போம், எட்டு எம்.எம். உசத்தி. கார் ரேஸ் ஏழு எம்.எம். சீட்டாட்டம் ஆறு எம்.எம். பாதியில் நின்றுபோகிற விமானம் ஒன்று, அதற்குக் கழிவு என்று போட்டாள். முதல் லாட் கூடைக்காரன், எட்டு எம்.எம். போல்டு. தரம் சொல்வது என் வேலை. ரொம்ப நாளைக்குப் பிறகு நான் ஒரு சரக்குக்குத் தரம் சொன்னேன்.

ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி கூடைக்காரனைத் திறந்தாள். அதே மஞ்சள் தொப்பி, அதே கீச்சுச் சத்தம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. விரலை ஸ்பேஸ் பட்டன் மேல் வைத்துக்கொண்டேன். ஆப்பிள் வந்தது. வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, மேலே தெரிந்தது, தரையில் கிடந்தது. இருநூறில் பதினொன்று பிடித்தேன். அந்தப் பதினொன்றும் என் திறமையில்லை.

கூடைக்காரனிடமே தோற்றவன் ஏலத்தில் போய் என்ன கிழிப்பான்? நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். மூன்று நாள் அந்தப் பக்கம் போகவில்லை. அனுசியாவின் போனையும் எடுக்கவில்லை. பிரதீப்பிடம் முடியாது என்று சொல்லிவிடலாம் என்று மெஹ்ராஜிடம் சொன்னேன். "இன்னும் நாள் கெடக்குல்ல" என்று மட்டும் சொன்னாள்.

நாலாம் நாள் வாசலில் ஜீப்பு வந்து நின்றது. முத்துப்பாண்டி ஹாரனில் கையை வைத்தவர் எடுக்கவில்லை. தெருவே எட்டிப் பார்த்தது. அனுசியா இறங்கி உள்ளே வந்தாள்.

"அண்ணே, ஜக்கையன் மொதலாளி ஒட்டுன லேபிள் ஞாபகம் இருக்கா?"

"ஏன், அதுக்கென்ன?"

"நாம வெளாண்டது பூராம் டர்போ இல்லாம. நான் அன்னைக்கி ஓட்டுனது டர்போ போட்ட வேகம். அந்த ஆட்டத்துக்குன்னு தனியாக் கடிகாரம் கெடையாதுண்ணே, மிஷின் எம்புட்டு வேகமோ ஆப்பிளும் அம்புட்டு வேகம். ஊர்ல எல்லாவனும் அப்பிடித்தான் வெளாண்டுருக்கான். நாம ரெண்டு பேரு மட்டுந்தான் பதமா வெளாண்டுருக்கோம். வெரசா ஏறுங்க, அவருக்கு மேல லோடு இருக்கு."

கடைக்குப் போனோம். ஃபைலில் வேகம் மூவாயிரம் என்று இருந்ததாம், அதை ஆயிரம் ஆக்கியிருந்தாள். ஆப்பிள் உருண்டு வந்தது. என் ஆப்பிள், என் இருபத்தைந்து வயதில் உருண்டு வந்த அதே ஆப்பிள். விரல் சொன்ன பேச்சைப் பாதி கேட்டது. தொண்ணூற்றாறு பிடித்தேன். அனுசியா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு ஏதோ ஸ்குருவைத் தேடினாள். அழுதிருப்பாள் என்று நினைக்கிறேன், கேட்டால் தூசி என்பாள்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமை தவிர எல்லா நாளும் போனேன். ஒரு வாரத்தில் நூற்றிருபது வந்தது. சரி, இரண்டு வாரத்தில் நூற்று ஐம்பது, ஒரு மாதத்தில் பழைய நூற்றுத் தொண்ணூறு என்று மனதில் கோட்டை கட்டினேன். கோட்டை கட்டியதோடு சரி. நூற்றிருபதிலேயே நின்றுவிட்டது. ஒரு நாள் நூற்றுப் பதினெட்டு, ஒரு நாள் நூற்றிருபத்து நாலு, மறுபடி நூற்றுப் பதினைந்து. செப்டம்பர் முழுக்க இதே கதை. விளையாடுகிற நேரம் மட்டும் ஓடிப்போகிற மாதிரி இருந்தது. உட்கார்ந்த சூட்டில் ஆட்டம் முடிந்துவிடும். ஆர்வத்தில் பொழுது போவது தெரியவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

"இதுக்கு மேல இந்த விரல் வராது தாயி" என்பேன்.

"வராட்டிப் போகுது. இன்னொரு ஆட்டம் போடுங்க" என்பாள், பிரிண்டரிலிருந்து தலையை எடுக்காமல். ஆறுதலாக ஒரு வார்த்தை அவள் வாயில் வராது. எனக்கு அது சில நாள் எரிச்சலாக இருந்தது.

ஒரு நாள் வீட்டில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். மெஹ்ராஜ் என்னையே பார்த்தாள். "ஏங்க, பொத்தான நீங்களே போட்டுட்டீங்க" என்றாள். "பெரிய பொத்தான்" என்று எரிந்து விழுந்துவிட்டுப் போனேன். எனக்கு அன்றைக்கு நூற்றுப் பதினேழுதான் தலையில் இருந்தது.

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் இருந்தது. பிரதீப்புக்குப் பதில் சொல்ல வேண்டும். முடியாது என்றுதான் சொல்லப் போகிறேன், அதில் மாற்றமில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை நூற்று ஐம்பதைப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு அற்ப ஆசை வந்தது. அன்று மதியம் அனுசியா ஒரு பிரிண்டரைக் கொடுத்துவிட்டு வர எதிர்த்த பேங்க் வரைக்கும் போனாள். கடையில் நான் மட்டும்.

வேகம் எழுதியிருக்கிற ஃபைல் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நானும் டாஸ் காலத்து ஆள்தான். ஆயிரத்தை எண்ணூறாக மாற்றி, நூற்று ஐம்பது பிடித்துவிட்டு, மறுபடி ஆயிரம் ஆக்கிவிட்டால் அவளுக்கு எப்படித் தெரியும்? முப்பது வருஷம் ஏலத்தில் நேர்மையாக உட்கார்ந்தவன் கூடைக்காரனிடம் திருட்டுத்தனம் பண்ணத் துணிந்துவிட்டேன். ஃபைலைத் திறந்தேன்.

ஆயிரம் என்று இருக்க வேண்டிய இடத்தில் மூவாயிரம் என்று இருந்தது.

வேறு ஆட்டத்தின் ஃபைலோ என்று பெயரைப் பார்த்தேன். கூடைக்காரன்தான். அந்த வரிக்கு மேலே இன்னும் இருபது வரி. எல்லாவற்றுக்கும் முன்னால் மிஷின் படிக்காமல் தாண்டிப்போகிற குறி போட்டிருந்தாள். மிஷினுக்கு வேண்டாத பழைய வேகங்களை அழிக்காமல், தேதி போட்டு, பக்கத்தில் குறிப்பும் எழுதி வைத்திருந்தாள்.

முதல் வரி ஆகஸ்ட் பதினாறு, ஆயிரம். "அண்ணே சிரிச்சாரு." அப்புறம் ஆயிரத்து நூறு. "வெரல் லேட்டு, ஆனா வருது." ஆயிரத்து இருநூறு. "கண்டுபிடிக்கல." ஆயிரத்து அறுநூறு என்று இருந்த இடத்தில், "இன்னைக்கி ரொம்பக் கோவம். நாலு நாளைக்கி ஏத்தக் கூடாது." இரண்டாயிரத்து இருநூறில், "மைனி போன் பண்ணாங்க. பொத்தான் போட்டாராம்." கடைசி வரி முந்தின நாள். மூவாயிரம். "டர்போ. நூத்திப் பதினாறு."

ஆறு வாரமாக நின்ற இடத்திலேயே நிற்கிறேன் என்று நினைத்தேன். விரல் ஓடியிருக்கிறது, கூடவே ஆப்பிளும் ஓடியிருக்கிறது. பதினொன்று பிடித்த அதே வேகத்தில் நான் நேற்று நூற்றுப் பதினாறு பிடித்திருக்கிறேன், அதையும் திட்டிக்கொண்டே பிடித்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. இந்தத் தடவை அடக்கவில்லை.

அனுசியா திரும்பி வந்தாள். திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எண்ணூறு ஆக்கத்தான தெறந்தீங்க?"

பொய் சொல்லத் தெம்பில்லை. தலையை ஆட்டினேன்.

"வெக்கமா இல்ல?"

"ஏந்தாயி என்கிட்டச் சொல்லல?"

"சொல்லியிருந்தா ஆப்பிளப் பாக்க மாட்டீங்க, நம்பரப் பாப்பீங்க. ஒவ்வொரு நூறுக்கும் ஏலம் மாதிரி என்கூட மல்லுக்கட்டுவீங்க. எனக்கு வேற சோலி இல்லையா?" என்று சொல்லிக்கொண்டே முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். தூசி என்று அவளாகவே சொன்னாள், நான் கேட்கவில்லை.

போனை எடுத்து, அந்த வலது விரலால் பிரதீப்பின் நம்பரை ஒவ்வொன்றாக அமுக்கினேன். அவன் "சொல்லுங்க பாய்" என்றான். "உக்கார்றேன்பா" என்றேன்.

பூஜை கழிந்து முதல் ஏலம். என் பழைய நாற்காலி, என் பழைய மிஷின். தட்டில் காய் வந்தது. நல்ல பச்சை, பதமான சூட்டில் உலர்ந்தது, வெடிப்பு ஒன்றுகூட இல்லை. விலை ஏறியது. எனக்கு வேண்டிய இடம் வந்தது. ஆப்பிள் கூடைக்கு நேராக வருகிற இடம் எனக்குத் தெரியாதா? தட்டினேன். லாட் எங்கள் கடைக்கு விழுந்தது. அன்றைக்கு நான் கேட்ட ஒன்பது லாட்டில் ஏழு எடுத்தேன். இரண்டு பிந்திவிட்டது, அதை மறைக்கவில்லை.

சாயங்காலம் அனுசியா கடைக்குப் போனேன். யாருடைய லேப்டாப்பையோ பிரித்துப் போட்டுக்கொண்டு, ஒரு காலேஜ்காரனைக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். அவன் போன பிறகு தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"எத்தன?"

"ஒம்போதுல ஏழு."

"ரெண்டு என்னாச்சு?"

நான் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து கூடைக்காரனின் ஃபைலைத் திறந்தேன். மூவாயிரத்துக்கு முன்னால் குறி போட்டேன். கீழே அன்றைய தேதி போட்டு, புதிதாக ஒரு வரி அடித்தேன். வலது கையாலேயே அடித்ததால் கொஞ்சம் நேரமாயிற்று. மூவாயிரத்து நூறு.

அனுசியா எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

"மொதலாளி இருந்தா நெறம் போயிரும்னு கத்துவாரு" என்று சொல்லிவிட்டு, கடைக் கதவை ஒருக்களித்துச் சாத்தி, இன்னொரு நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.